கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்

தமிழ் மக்கள் பவளத்தைப் பழங்காலந்தொட்டே அறிவர். ஒன்பது மணிகளுள் ஒன்றாக எண்ணி, அணிகலன்களில் அதனைக் கோத்து மகிழ்ந்தனர். ஆயினும், அணியாக விளங்கும் செம்பவளம் வேறு. வெப்பக் கடல்களில் பாறை பாறையாக வளர்ந்து மீன்களுக்கு உறைவிடமாக நிற்கும் பவளம் வேறு. பின்னதைப் பற்றியதே இப்பாடம்.

இப்பவளம் பார்வைக்குச் செடிபோலும் கல்போலும் தோன்றினும், உண்மையில் அஃது ஓர் உயிரினம். சிற்றுயிர்கள் பல ஒன்றுகூடி வாழும் குடியிருப்பையே பவளக் கொத்து என்கிறோம். அவை கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் பிரித்தெடுத்துச் சுண்ணாம்புக் கல்லாலாகிய கூட்டைக் கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலினுள் நுண்ணிய பாசியினம் ஒன்று குடியிருக்கிறது. அப்பாசி ஒளியின் துணைகொண்டு உணவு ஆக்கித் தனக்கு இடம் தந்த பவளத்திற்கும் பங்கு தருகிறது. பவளத்தின் நிறத்திற்குப் பெரிதும் காரணமாவது இப்பாசியே. அது நீங்கினால் பவளம் வெளிறும். வெளிறிய நிலை நீடித்தால் மடியும்.

இத்தகைய கடலுயிர்களை வீட்டில் வைத்துப் பேணும் விருப்பம் மேனாடுகளில் நெடுங்காலமாக உண்டு. 1853ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நீர்வாழ் உயிர்களுக்கெனப் பொதுக் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பெற்றது. பவளத்தை வளர்ப்பதோ மீனை வளர்ப்பதினும் அரிதாயிற்று. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே துணையாகக் கொண்டு பவளங்களை வளர்த்த முறையை 1961ஆம் ஆண்டில் இதழொன்றில் எழுதி வெளியிட்டார். இந்நாளில் செர்மனி, அமெரிக்கா, சப்பான் முதலிய நாடுகளில் பவளத் தொட்டியை இல்லத்தில் வைத்திருப்போர் பலராவர்.

கடலும் தொட்டியும்

கடல் பெரிது. ஓரிடத்தில் மீன் ஒன்று இறந்து அழுகினால் கடல் அதனை உணர்வதில்லை. இல்லத்துத் தொட்டியோ 200 இலிட்டர் நீரே கொள்வது. அதனுள் ஒரு நத்தை கண்ணுக்கு மறைவாக இறந்தாலும் நீர் கெடும். ஒரு கரண்டிப் பொடியை மிகையாக இட்டாலும் உயிர்கள் துன்புறும். கடலில் இயற்கை தானே செய்யும் பணிகளைத் தொட்டியில் அதனை வளர்ப்பவரே செய்தல் வேண்டும். ஆதலின், பவளத்தைக் காப்பது என்பது நீரைக் காப்பதேயாகும்.

பவளம் வாடியவிடத்து வளர்ப்பவர் பலரும் முதலிற் செய்வது யாது? கடையில் விற்கும் மருந்து ஒன்றை வாங்கி வந்து நீரில் கலப்பதே. இது பெரும்பிழை. வெப்பம் மிகினும் பவளம் வெளிறும். ஒளி மிகினும் வெளிறும். உணவு குன்றினும் வெளிறும். நீரின் உப்பு மாறினும் வெளிறும். குறி ஒன்றாக இருப்பினும் காரணம் பலவாகலாம். எனவே கண்ணால் கண்டதுகொண்டு மட்டும் மருந்து இடலாகாது. அளந்தறிந்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.

அளவின் ஒழுங்கு

அளத்தற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலிற் காணத்தக்கது வெப்பநிலை. தொட்டி நீர் 24 முதல் 27 பாகை சென்டிகிரேடு வரை, பெரிதும் மாறாமல் இருத்தல் நன்று. அடுத்தது உப்பு. இயல்பான கடல்நீரில் ஆயிரம் கிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. தொட்டியிலிருந்து நாள்தோறும் நீர் ஆவியாகிறது, உப்போ ஆவியாவதில்லை. எனவே குறைந்த நீருக்கு ஈடாக உப்பில்லாத தூய நீரையே ஊற்றுதல் வேண்டும். உப்புநீரையே ஊற்றிவருபவர் தொட்டியில் உப்பு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே செல்லும்.

உப்பை முன்னர் அளத்தற்கு மற்றொரு காரணமும் உண்டு. இயல்பான கடல்நீரில் இலிட்டருக்குக் கால்சியம் ஏறத்தாழ 420 மில்லிகிராமும், மக்னீசியம் ஏறத்தாழ 1290 மில்லிகிராமும் உள்ளன. ஒருவர் தம் தொட்டியில் கால்சியம் 370 என்றும், மக்னீசியம் 1140 என்றும் கண்டு, இரண்டையும் தனித்தனியே வாங்கி இட முற்படுகிறார் எனக் கொள்வோம். அவர் உப்பை அளந்திருப்பின் அது 35 அன்று, 31 என்பது தெரிந்திருக்கும். எல்லாம் ஒரே வீதத்தில் குறைந்திருப்பின், குறை தனிப்பொருளில் இல்லை; உப்பின் அளவிலேயே உள்ளது. உப்பைச் சில நாட்களில் மெல்லச் சரிசெய்தால் மற்றவை தாமே நேராகும்.

மூன்றாவதாக நோக்கத்தக்கது அம்மோனியா. உயிர்களின் கழிவினின்றும் மிஞ்சிய உணவினின்றும் தோன்றும் இது கொடிய நஞ்சு. இயற்கை இதற்கு மாற்று வைத்துள்ளது. நுண்ணுயிர்களுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. உருசிய நாட்டு அறிஞர் வினோகிராட்சுகி 1890ஆம் ஆண்டளவில் இவ்வுண்மையை ஆய்ந்து வெளிப்படுத்தினார். புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் உயிர்களை இட்டு இழந்து வருந்துவோர் பலர். பழைய தொட்டியில் அம்மோனியா தோன்றுமாயின், ஏதோ ஓர் உயிர் மறைவில் இறந்துகிடக்கிறது என்று ஐயுற்றுத் தேடுதல் வேண்டும்.

ஊற்றும் நீரும் ஆராயத்தக்கதே. குழாய் நீரில் குளோரின், பாஸ்பேட்டு, செப்பு முதலியன கலந்திருக்கக்கூடும். செப்பு மீன்களின் நோய்க்கு மருந்தாவது. ஆனால் அதுவே பவளத்திற்கும் இறாலுக்கும் நஞ்சாவது. ஆகவே சவ்வுகளின் வழியே வடித்துத் தூய்மையாக்கிய நீரையே தேர்ந்த வளர்ப்போர் பயன்படுத்துவர்.

இரண்டு குதிர்கள்

இனி, பவளத் தொட்டிக்கே உரிய சிக்கலைக் காண்போம். நீருக்கு அமிலத்தைத் தாங்கி அடக்கும் ஓர் ஆற்றல் உண்டு. அதனைக் காரத்தன்மை என்பர். கடல்நீரில் இவ்வாற்றலைத் தருவன பெரிதும் பைகார்பனேட்டும் கார்பனேட்டுமே. செர்மானியர் வகுத்த 'கே.எச்.' என்னும் பாகையால் இதனை அளப்பர். இயல்பான கடல்நீரில் இஃது ஏறத்தாழ 7 பாகை. தொட்டிகளில் 7 முதல் 11 வரை வைப்பது வழக்கம்.

பவளம் தன் கூட்டைக் கட்டும்போது கால்சியத்தையும் காரத்தன்மையையும் இணையாகவே செலவிடுகிறது. ஆயினும் இவ்விரண்டின் இருப்பும் ஒத்தன அல்ல. ஒரு வீட்டில் பெரிய குதிர் ஒன்றும் சிறிய குதிர் ஒன்றும் இருக்க, இரண்டிலிருந்தும் நாள்தோறும் ஒவ்வொரு படி நெல் எடுத்தால், முதலில் வெறுமையாவது எது? சிறிய குதிரன்றோ? கடல்நீரில் கால்சியத்தின் இருப்பு, இணைக்கு இணை கணக்கிட்டால், காரத்தன்மையின் இருப்பைவிட எட்டு மடங்குக்கும் மிகுதி. காரத்தன்மை 2.8 பாகை குறையும்பொழுது கால்சியம் 20 மில்லிகிராம் மட்டுமே குறைகிறது. கால்சியம் 420இலிருந்து 400 ஆயிற்று என்பது பெரிய செய்தி அன்று; காரத்தன்மை 8இலிருந்து 5.2 ஆயிற்று என்பதோ பவளத்தின் வளர்ச்சியையே தடுப்பது. ஆதலின், பவளங்கள் செழித்து வளரும் தொட்டியில் அடிக்கடி அளக்க வேண்டுவது காரத்தன்மையே.

குறைந்த காரத்தன்மையை உயர்த்துவது அரிதன்று. சமையலறையில் உள்ள சோடா உப்பே, அஃதாவது சோடியம் பைகார்பனேட்டே, அதற்கு ஏற்ற பொருள். இலிட்டருக்கு 30 மில்லிகிராம் இட்டால் காரத்தன்மை ஒரு பாகை உயரும். அவ்வாறாயின் 200 இலிட்டர் தொட்டியில் ஒரு பாகை உயர்த்த 6 கிராம் போதும். 6 பாகையிலிருந்து 8 பாகைக்கு உயர்த்த 12 கிராம் வேண்டும். ஆனால் 12 கிராமையும் ஒரே நாளில் இடுதல் கூடாது. நாளொன்றுக்கு ஒரு பாகைக்கு மேல் மாற்றாதிருத்தல் நன்று. தூய நீரில் கரைத்து, நீரோட்டம் மிகுந்த இடத்தில் சிறிது சிறிதாக ஊற்றுதல் வேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்னும் பழமொழி இங்குத் தெளிவாக விளங்கும்.

இரண்டு குதிர்களையும் ஒருங்கே நிரப்பும் வழியும் உண்டு. அதுவே தெளிந்த சுண்ணாம்பு நீர். செர்மானிய மொழியில் 'கால்க்வாசர்' என்று வழங்கும் இது, பவளம் செலவிடும் வீதத்திலேயே கால்சியத்தையும் காரத்தன்மையையும் அளிப்பது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆயினும் தொட்டிக்கு வேண்டுவது பிற பொருள் கலவாத தூய சுண்ணாம்பு. இந்நீர் கடுங்காரமுடையது, ஆதலின் சொட்டுச் சொட்டாகவே விடல் வேண்டும். ஒருங்கே கொட்டினால், கரைந்துள்ள கால்சியமும் கார்பனேட்டும் வெண்பொடியாகப் படிந்துவிடும். தொட்டி பால்போல் வெளுக்கும். மக்னீசியம் குறைந்த நீரில் இப்படிவு இன்னும் எளிதாக நிகழும். கால்சியத்தை எவ்வளவு இட்டும் அளவு உயராத தொட்டியில் மக்னீசியத்தை அளந்துபார்த்தால் பெரும்பாலும் காரணம் புலப்படும்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தால் பாசி படர்ந்து பவளத்தை மூடும். பாஸ்பேட்டு மிகுதி, கூடு கட்டும் தொழிலையும் தடுக்கும். அதற்காக அவற்றை அறவே ஒழிக்க முயல்வதும் தவறே. சிறிதளவேனும் இல்லாத நீரில் பவளம் உணவின்றி வெளிறுவதுண்டு.

சாளரம் சொன்ன பாடம்

அளவாமல் செய்யும் வேலையால் விளையும் கேட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். செர்மனி நாட்டில் பனிக்காலத்தில் ஓர் இல்லம் எனக் கொள்வோம். குளிருக்கு அஞ்சிக் கதவுகளும் சாளரங்களும் அடைக்கப்பட்டுள்ளன. அவ்வில்லத்தார் தம் 200 இலிட்டர் தொட்டியின் பி.எச். மதிப்பைக் காண்கின்றனர். பி.எச். என்பது நீர் அமில நிலையில் உள்ளதா கார நிலையில் உள்ளதா என்பதைக் காட்டும் எண்; டென்மார்க்கு அறிஞர் சோரென்சன் 1909ஆம் ஆண்டில் வகுத்தது. கடல்நீரின் மேற்பரப்பில் இஃது ஏறத்தாழ 8.1. அவர்கள் தொட்டியிலோ 7.8. காரத்தன்மை 8 பாகை என நேராகவே இருந்தது. அதனை அவர்கள் அளக்கவில்லை.

பி.எச். குறைந்ததே என்று கவன்று, அதனை உயர்த்தும் காரப் பொடியை இட்டனர். எண் சற்றே ஏறி, மறுநாள் இறங்கிற்று. மீண்டும் இட்டனர், மீண்டும் இறங்கிற்று. பத்து நாட்கள் இவ்வாறு சென்றன. பி.எச். 8.0ஐத் தாண்டவில்லை. ஆனால் நீரைச் சூடாக்கும் கருவியின்மீது சுண்ணாம்பு படிந்தது. பவளக் கிளைகளின் நுனிகளில் தசை நீங்கி வெண்கூடு வெளிப்பட்டது. அதன் பின்னரே காரத்தன்மையை அளந்தனர். அது 14 பாகை!

குற்றம் எங்கே இருந்தது? ஒரு குவளைத் தொட்டி நீரை எடுத்துக்கொண்டு வெளியே சென்று, வெளிக்காற்றைக் குமிழிகளாக அதனுள் ஒரு மணிநேரம் செலுத்தினர். பொடி எதுவும் இடாமலேயே அந்நீரின் பி.எச். 8.3ஐக் கடந்தது. அப்பொழுதுதான் உண்மை விளங்கிற்று. அடைத்த வீட்டில் மாந்தர் விடும் மூச்சாலும் அடுப்பின் எரிவாலும் கரியமிலவாயு மிகுந்திருந்தது. அது நீரில் கரைந்து அமிலமாகிப் பி.எச். மதிப்பைத் தாழ்த்தியது. நோய் நீரில் இல்லை, காற்றில் இருந்தது. வேண்டிய மருந்து பொடி அன்று, திறந்த சாளரம்.

பி.எச். என்பது அன்றன்று மாறும் முகம் போன்றது. இரவில் உயிர்கள் மூச்சுவிடத் தாழும். பகலில் பாசிகள் ஒளிகொண்டு கரியமிலவாயுவை உண்ண உயரும். காரத்தன்மையோ குதிரில் உள்ள நெல் போன்றது. முகம் வாடியது கண்டு குதிரில் நெல்லை மேலும் மேலும் கொட்டினால் குதிர் பிளக்குமேயன்றி முகம் மலராது.

பிழையை உணர்ந்தபின் அவர்கள் செய்தது தக்கதாயிற்று. காரத்தன்மையைக் குறைக்க வேறு பொடி தேடவில்லை. இட்டுவந்ததை நிறுத்தினர். நாள்தோறும் சிறிதுநேரம் சாளரத்தைத் திறந்தனர்; தொட்டியின் காற்றுக்குழாயை வெளிக்காற்றை உறிஞ்சுமாறு அமைத்தனர்; வாரத்திற்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினர். காரத்தன்மை சில வாரங்களில் மெல்ல இறங்கிற்று. உயிர்பிழைத்த கிளைகள் புதுத்தசை போர்த்தன. மடிந்த கிளைகள் மடிந்தனவே.

வளர்ப்போர்க்கு வேண்டுவன

இதனால் பெறப்படுவன சில உள. அளந்த எண் ஐயத்திற்கு இடமானால், வேறு சோதனைப் பொருளால் மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். பழுதான மருந்தும் கழுவாத குப்பியும் பொய்யுரைக்கும். நாள்தோறும் ஒரே வேளையில் அளந்து, ஏட்டில் குறித்துவைத்தல் வேண்டும். ஒரு நாளின் எண்ணைவிடப் பல நாட்களின் போக்கே உண்மையைக் காட்டும். ஒரே சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும்; பலவற்றை ஒருங்கே மாற்றினால் நன்மை செய்தது எது, தீமை செய்தது எது என அறிதல் இயலாது. கொடிய நஞ்சு கலந்தபோது மட்டுமே விரைவு தகும். அப்பொழுதும் ஒத்த வெப்பமும் ஒத்த உப்பும் உடைய புதுநீரால் பெரும்பகுதியை மாற்றுவதே விரைவான வழி. ஏனைய நேரங்களில் பொறுமையே மருந்து.

பெருந்தொட்டி

தொட்டியிற் கற்ற இப்பாடம் தொட்டியோடு முடிவதன்று. தொழிற்புரட்சிக்கு முன்னர் உலகின் காற்றில் பத்து இலட்சம் பங்கிற்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமிலவாயு இந்நாளில் 420ஐக் கடந்துவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து எழுந்த அவ்வாயுவில் ஒரு பகுதி கடலிற் கரைந்துள்ளது. அதனால் கடலின் மேற்பரப்பில் பி.எச். மதிப்பு 8.2 என்ற அளவிலிருந்து 8.1 என்ற அளவிற்கு இறங்கியுள்ளது. எண் சிறிது, ஆயினும் அடைத்த இல்லத்துத் தொட்டியில் நேர்ந்ததே கடலிலும் நேர்கிறது. இல்லத்திற்குத் திறக்கச் சாளரம் இருந்தது. உலகிற்கு வேறு வெளிக்காற்று இல்லை.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. அவற்றைச் சூழப் பவளப்பாறைகள் வளர்கின்றன. 1986ஆம் ஆண்டில் அப்பகுதி கடல்வாழ் உயிர்த் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. சுண்ணாம்பு சுடுவதற்கென அங்கே பவளத்தை வெட்டியெடுத்த காலமும் உண்டு. 2001ஆம் ஆண்டில் பாறை கட்டும் பவளங்கள் யாவும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் சேர்க்கப்பெற்றன. ஆதலின், அங்கிருந்து ஒரு கிளையை ஒடித்துவந்து தொட்டியில் வைப்பதும் குற்றமாகும்.

கண்ணாடித் தொட்டியின் முன் அமர்ந்து, எண்களை ஏட்டில் எழுதி, ஒரு பாகை உயர்த்த ஒரு நாள் காத்திருப்பவர், கடல் எத்துணைப் பெரிய உழைப்பை ஓசையின்றி நாள்தோறும் செய்துவருகிறது என்பதை உணர்வார். 200 இலிட்டர் நீரைச் செம்மையாக வைத்தல் இத்துணை அரிதாயின், ஒருமுறை நிலைகெட்ட கடலைத் திருத்துவது எத்துணை அரிது! கெட்டபின் திருத்துவதினும் கெடாமற் காப்பதே எளிது. அறிவுடையார் செய்வதும் அதுவே.